மெஷின் நிறையும் வரை

அந்த வீட்டில் ஒரு துணி அழுக்கா, இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் ஒரே ஒரு மூக்குக்குத்தான் இருந்தது. அது கண்ணாடிக்காரரின் மனைவியுடைய மூக்கு.

வேலை முடிந்து வந்து அவர் சட்டையைக் கழற்றினால் அதை நேராகக் கூடையில் போட்டுவிட முடியாது. முதலில் அது அவள் கைக்குப் போக வேண்டும். காலரை ஒரு முறை, அக்குளை ஒரு முறை மோந்து பார்ப்பாள். "இன்னும் ஒரு நாள் தாங்கும்" என்றால் சட்டை ஆணிக்குப் போகும். "போச்சு" என்றால் கூடைக்குப் போகும். மேல்முறையீடெல்லாம் கிடையாது. மகள் படித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு மணி நேரம் உடுத்திய துணியைக் கூடையில் திணித்துவிட்டு ஓடுவாள். அம்மா அதை வெளியே எடுத்து, மோந்து, மடித்து, அலமாரியில் திரும்ப வைத்துவிடுவாள். மகள் மறுபடியும் கூடையில் போடுவாள். அம்மாவும் மகளும் வாய் திறக்காமல் போட்ட சண்டைகளில் பாதி அந்தக் கூடைக்குள்தான் நடந்தன.

பணத்தைத் தண்ணீராய்ச் செலவழிப்பவர்களை எல்லோரும் பார்த்திருப்போம். இவள் தண்ணீரைப் பணமாய்ச் செலவழித்தவள். அதைக் கஞ்சத்தனம் என்று சொல்ல முடியாது. அந்தக் கட்டடத்தில் குழாய்த் தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம்தான் எட்டிப் பார்க்கும். கல்யாணமான புதிதில் அவள் பக்கெட்டில் துவைத்தாள். சோப்புத் தண்ணீர் குளியலறைத் தரையைக் கழுவப் போனது. முதல் அலசல் தண்ணீர் கழிப்பறைக்குப் போனது. கடைசி அலசல் தண்ணீர் அநேகமாகத் தெளிவாகவே இருக்கும் என்பதால், மறுநாள் துணி ஊறவைக்க அது மூலையில் காத்திருந்தது. அந்த வீட்டுக்குள் வந்த ஒரு பக்கெட் தண்ணீர் மூன்று வேலை பார்க்காமல் வெளியே போக முடியாது. தன் வீட்டுக்காரர்கூட இந்த வீட்டில் அவ்வளவு வேலை பார்த்ததில்லை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

பிறகு மகள் பிடிவாதம் பிடித்து ஒரு வாஷிங் மெஷினை வாங்க வைத்தாள். முதல் நாளே அம்மாக்காரி மெஷினின் வெளியேற்றும் குழாயை எடுத்துப் பக்கெட்டுக்குள் விட்டு, எவ்வளவு வருகிறதென்று பார்த்தாள். பக்கெட் நிறைந்தது. அடுத்ததும் நிறைந்தது. குளியலறையில் இருந்த குவளை, கிண்ணம் வரை எல்லாம் நிறைந்துவிட, கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றாள்.

"இது துவைக்குதா, இல்ல இதுவே குளிக்குதா?"

இரண்டு துணி போட்டாலும் இருபது துணி போட்டாலும் அந்த மெஷின் குடிப்பது ஒரே அளவுதான் என்று தெரிந்ததும் அவள் சட்டம் போட்டாள். மெஷின் நிறையாமல் யாரும் பட்டனைத் தொடக்கூடாது. குழாய்க்கு அடியில் ஒரு பெரிய நீல டிரம் வந்து உட்கார்ந்தது. மெஷின் துப்பிய தண்ணீரெல்லாம் அதில் சேர்ந்து, கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் போயிற்று. புதனும் ஞாயிறும் மெஷின் நாள். மூன்று பேர் துணியில் கூடை அந்த இரண்டு நாளைக்கும் அளவெடுத்தாற்போல் நிறைந்துவிடும்.

கண்ணாடிக்காரர் என்றதும் கண்ணாடிக் கடை முதலாளி என்று நினைத்துவிடக் கூடாது. முதலாளி கடையின் முன்பக்கம் குளுகுளு அறையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு ஃப்ரேம் மாட்டிவிட்டு, "உங்க முகத்துக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்று எல்லா முகத்துக்கும் சொல்வார். இவர் பின்னறைக்காரர். லென்ஸை ஃப்ரேமின் அளவுக்குத் தேய்த்து உட்கார வைப்பது இவர் வேலை. தேய்க்கிற கல்லின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் லென்ஸ் விளிம்பு பொரிந்துவிடும். அதனால் அவருடைய வலது கைச் சட்டை எப்போதும் ஈரமாகவும், வெள்ளைச் சேறு அப்பிக்கொண்டும் இருக்கும். ஊரிலுள்ளவர்களின் பார்வையைச் சரிபண்ணுகிற மனுஷர் முழங்கை வரை சேற்றோடு வீட்டுக்கு வருவார். மனைவி சட்டையை வாங்கும்போதே, மோந்து பார்க்காமல், "இது போச்சு" என்பாள்.

மகள் நர்ஸ் ஆனாள், கல்யாணமாகி ஒரு பகல் முழுக்கப் பஸ்ஸில் போக வேண்டிய ஊருக்குப் போனாள், குழந்தை பெற்றாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள மனைவி கிளம்பினாள்.

"ஆறு மாசம்தாங்க. குழந்தை உட்கார ஆரம்பிச்சதும் வந்துடுவேன்."

குழந்தை உட்கார்ந்தது. தவழ்ந்தது. நடந்தது. இப்போது ஓடுகிறது. அவள்தான் வரவில்லை. மகளுக்கு ஆஸ்பத்திரியில் ஷிப்ட் வேலை, மருமகனுக்கு வாரத்தில் பாதி நாள் வெளியூர். இதில் யாரைக் குற்றம் சொல்வது? கண்ணாடிக்காரருக்கு அதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது. குற்றம் சொல்ல ஓர் ஆள் கிடைத்தாலாவது கொஞ்சம் கோபப்பட்டுப் பொழுதை ஓட்டலாம்.

ஒரு முறை லீவு போட்டுவிட்டு அங்கே போய்ப் பார்த்தார். மகள் வீடு சின்னது. முன்னறையில் பாய் விரித்துப் படுத்தால், ஷிப்ட் முடிந்து வரும் மகள் அவர் காலைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். ஆனால் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அது வேறொருவருக்கு வேண்டியிருந்தது. அடுத்த வாரமே திரும்பிவிட்டார்.

தினமும் மாலையில் மனைவி போன் செய்வாள். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய இருவரும் போனில் என்ன பேசினார்கள் என்று கேட்டால் சிரிப்பீர்கள்.

"தண்ணி வந்துச்சா?"

"வந்துச்சு."

"டிரம்முல எவ்வளவு இருக்கு?"

"பாதிக்கு மேல இருக்கு."

"மெஷின் போட்டீங்களா? நிறைஞ்சுதா? நிறையாம போட்டுடாதீங்க. இங்க உங்க பொண்ணு ரெண்டு சாக்ஸுக்கு ஒரு மெஷின் ஓட்டறா. சொன்னா, அம்மா நீ சும்மா இருங்கறா. இங்க என் மூக்குக்கு மரியாதையே இல்லீங்க."

எப்போது வருவாய் என்று அவர் ஒரு தடவை கேட்டார். மறுமுனையில் அவள் குழந்தையிடம் ஏதோ சொன்னாள். பிறகு, "பார்க்கலாம்ங்க" என்றாள். அந்தப் "பார்க்கலாம்" அவரை இரண்டு நாள் சாப்பிட விடவில்லை. அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டியதையெல்லாம் மென்று விழுங்கிவிட்டு, தண்ணீர் வந்ததையும் டிரம் நிறைந்ததையும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சிக்கல் கூடையில்தான் ஆரம்பித்தது. ஒரு ஆள் துணிக்கு அந்த மெஷின் எப்போது நிறைவது? அவள் ஊருக்குப் போன பிறகு வந்த முதல் புதன் கூடையின் அடிதான் மூடியிருந்தது. ஞாயிறு கொஞ்சம் ஏறியிருந்தது. அடுத்த புதனுக்குள் போட்டுக்கொள்ளச் சட்டை தீர்ந்துவிட்டது. கூடைக்குள் கிடந்த ஈரக் கைச் சட்டைகள் பூசணம் பிடித்து, வீட்டுக் கதவைத் திறந்தாலே வாடை வரவேற்றது. பட்டனைத் தொடலாமென்றால் சட்டம் குறுக்கே நின்றது. வேறு யாராவது போட்ட சட்டமாக இருந்தால் அவரும் காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்திருப்பார். அவள் அந்த வீட்டில் விட்டுப்போனதில் இன்னும் உயிரோடு இருந்தது அந்தச் சட்டம் ஒன்றுதான்.

அன்றைக்கு அவர் அலமாரியைத் திறந்தார். அவளுடைய துணிகள் மடித்தபடி அப்படியே இருந்தன. மேலே பூப்போட்ட நைட்டி ஒன்று இருந்தது. அதற்குக் கீழே பழுப்பு நிறச் சால்வை, வீட்டில் உடுத்தும் துணிகள், அவளுடைய துண்டு. அவர் அதிகமாக யோசிக்கவில்லை. இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்து மெஷினில் போட்டார். மெஷின் நிறைந்தது. பட்டனை அழுத்தினார். அது பழைய சத்தத்தோடு சுற்ற ஆரம்பித்ததும், அவள் போன பிறகு முதல் தடவையாக அவருக்குப் பசித்தது.

மாலையில் போன் வந்தபோது, "நிறைஞ்சுதான் போட்டேன்" என்றார். அதில் பொய் இல்லை.

அப்புறம் புதனும் ஞாயிறும் அதுவே வழக்கமாகிவிட்டது. அவருடைய நாலைந்து அழுக்குச் சட்டைகளோடு அவளுடைய சுத்தமான துணிகளும் போய்ச் சுற்றிவிட்டு வந்தன. மொட்டைமாடிக் கொடியில் சட்டை, நைட்டி, சட்டை, சால்வை என்று மாற்றி மாற்றிக் காயப்போட்டார். அவள் அப்படித்தான் போடுவாள். காய்ந்ததும் அவள் மடிக்கிற மாதிரியே கையை உள்ளே மடக்கி, அலமாரியில் அடுக்கினார். அடுத்த நடைக்கு அவை தயார்.

நீல டிரம்தான் தொல்லை கொடுத்தது. மெஷின் முன்னைப் போலவே தண்ணீர் துப்பியது, கழிப்பறைக்குப் போக இருந்ததோ ஒரே ஆள். டிரம் வழிந்தது. கொட்டிவிட அவருக்கு மனசு வரவில்லை. ஆகவே தரையைத் துடைத்தார். காலையில் துடைத்தார், மாலையில் துடைத்தார். வீடு அவர் தேய்க்கிற லென்ஸைவிடப் பளபளவென்று இருந்தது, மிதிக்கத்தான் ஆளில்லை. அப்புறமும் தண்ணீர் மிஞ்சவே வாசலுக்கு வெளியே படிக்கட்டையும் துடைக்க ஆரம்பித்தார். கட்டடத்தைப் பெருக்க வரும் அம்மாள் முதலில் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு அந்த மாடியை அவரிடமே விட்டுவிட்டு நிம்மதியாகக் கீழே இறங்கிப் போனாள்.

கட்டடத்தின் செக்ரெட்டரி சும்மா விடுகிறவர் இல்லை. யார் வீட்டுத் தண்ணீர் மீட்டர் எவ்வளவு ஓடுகிறது என்பதில் அவருக்கு இருந்த அக்கறை தன் ரத்தக் கொதிப்பில்கூட இருந்ததில்லை. ஒரு நாள் படியில் மறித்தார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்ல மூணு பேர் இருந்தப்போ ஓடின மீட்டர்தான் இப்பவும் ஓடுது. எங்கயாவது ஒழுகுதா?"

"ஒழுகலயே."

"அப்ப தண்ணி எங்க போகுது?"

கண்ணாடிக்காரர் திருதிருவென்று விழித்தார். "துணி துவைக்கிறேன்" என்றார்.

"ஒரு ஆளுக்கா?"

"பார்க்கிறேன்" என்று பூசி மெழுகிவிட்டு மேலே ஏறிவிட்டார். அந்த "ஒரு ஆள்" என்ற வார்த்தை மட்டும் காலில் முள்ளைப் போல் ஏறி, அன்று முழுக்கக் கூடவே வந்தது.

இதைவிடப் பெரிய தப்பை அவர் மொட்டைமாடியில் செய்தார். மேல் வீட்டில் ஒரு டீச்சர் இருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து துணி எடுக்க மாடிக்கு வருவாள். கொடியில் நைட்டியையும் சால்வையையும் தொடர்ந்து பார்த்தவள் ஒரு நாள் கேட்டாள்.

"அக்கா வந்துட்டாங்களா சார்? வெளியவே காணோமே. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

இல்லை, அவள் வரவில்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் மனைவியைப் பற்றி, அவள் உள்ளே அடுப்படியில் இருக்கிற மாதிரி, ஒருவர் விசாரித்துக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. அந்த சுகத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஆமா டீச்சர். கொஞ்சம் முடியல. படுத்துட்டிருக்கா."

"பார்த்துக்கோங்க சார். நீங்களே துணியெல்லாம் துவைச்சுப் போடறீங்க. எந்த ஆம்பளை செய்வாங்க?"

கண்ணாடிக்காரர் அன்று மாலை சீட்டியடித்துக்கொண்டே தரை துடைத்தார். டீச்சர் அதன் பிறகு பார்க்கும்போதெல்லாம் அக்காவின் உடம்பை விசாரித்தாள். அவரும் ஒரு நாள் தேவலை என்றார், ஒரு நாள் இருமல் என்றார். வாயைக் கொடுத்தாகிவிட்டது, இனி நோயை நடத்திக்கொண்டு போகத்தானே வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் மனைவி போனில், "நாலு நாள் வந்துட்டுப் போறேன்" என்றாள்.

நாலு நாள் என்பது அவர் காதில் விழவில்லை. வருகிறாள் என்பது மட்டும் விழுந்தது. வந்ததும் கேட்டுவிட வேண்டும், இனிமேல் போகாதே என்று நேராகச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தார். கடையின் பின்னறையில், கல்லில் தண்ணீர் சொட்டும் சத்தத்துக்கு நடுவே சொல்லிப் பார்த்துக்கொண்டார். "இனிமே போகாதே" என்று சொன்னால் அதிகாரமாக இருந்தது. "போகாம இருந்தா என்ன" என்றால் பிச்சை கேட்பது போல் இருந்தது. எந்தக் குரலில் கேட்பது என்று யோசித்துக்கொண்டே தேய்த்ததில் ஒரு நல்ல லென்ஸ் சின்னதாகிவிட்டது. முதலாளி வந்து பார்த்து, "உங்களுக்கே கண்ணாடி வேணும் போல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் வந்தாள். மெலிந்திருந்தாள், குழந்தையைத் தூக்கித் தூக்கி ஒரு பக்கத்துத் தோள் இறங்கியிருந்தது. உள்ளே வந்து பையை வைத்ததும் அவருடைய சட்டைக் காலரை இழுத்து மோந்து பார்த்தாள்.

"போச்சு" என்றாள்.

கண்ணாடிக்காரர் உடனே பொத்தான்களை அவிழ்த்தார். சட்டையைக் கழற்றி அவள் கையிலேயே கொடுத்தார். தரையைப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, இப்படி மின்னுது?" என்று அவள் ஆச்சரியப்பட்டபோது பெருமையாகவும் இருந்தது. அன்று கேட்க வேண்டாம், களைத்து வந்திருக்கிறாள், நாளை கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

மறுநாள் காலையில் அவள் காய்கறி வாங்கக் கீழே இறங்கினாள். திரும்பி வரும்போது முகம் வேறு மாதிரி இருந்தது. பையைக் கீழே வைக்காமலே நின்றாள்.

"மேல் வீட்டு டீச்சர் எங்கிட்ட இருமல் நின்னுடுச்சான்னு கேட்டாங்க."

அவர் சட்டென்று செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டார்.

"எனக்கு எப்பங்க இருமல் வந்துச்சு? இத்தனை நாளா படுத்த படுக்கையாக் கிடந்தேனாமே. என் துணியெல்லாம் நீங்கதான் துவைச்சுக் காயப்போடறீங்களாம். அவங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிச் சொல்லிக் காட்டறாங்களாம்."

அவர் தாளைப் புரட்டினார். அவள் விறுவிறுவென்று போய் அலமாரியைத் திறந்தாள். பூப்போட்ட நைட்டியை எடுத்து உதறி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பூவெல்லாம் வெளுத்து, துணி சல்லடையாக இருந்தது. சால்வையின் ஓரம் பிரிந்து தொங்கியது. வீட்டுத்துணி ஒன்றில் பொத்தானே இல்லை.

"நான் இந்த வீட்லயே இல்ல. என் துணி கிழிஞ்சிருக்கு. யாருங்க போட்டது?"

குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் அவருக்குப் பயமாக இருந்தது. அவள் என்ன நினைக்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இந்த வயதில், இந்த வழுக்கைத் தலையை வைத்துக்கொண்டு, இப்படி ஒரு சந்தேகத்துக்கு ஆளாவோம் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. வேறு சமயமாக இருந்தால் கொஞ்சம் கர்வப்பட்டுக்கூட இருப்பார்.

"யாரும் போடல" என்றார். "மெஷின் போட்டுச்சு."

"என்னது?"

"மெஷின் நிறையல. என் துணி மட்டும் போட்டா அடியிலதான் கிடக்கு. நீதானே நிறையாம போடாதீங்கன்னு சொன்னே. அதான் உன் துணியையும் எடுத்துப் போட்டு நிறைச்சேன்."

"சுத்தமா இருந்ததையா?"

"ஆமா."

"எத்தனை தடவை?"

"எல்லாத் தடவையும்."

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். நைட்டி மடியில் கிடந்தது. முதலில் அவள் தோள்தான் குலுங்கியது. பிறகு சிரிப்பு வெளியே வந்தது, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். அவருக்கும் சிரிப்புத் தொற்றிக்கொண்டது.

"தண்ணியை மிச்சம் பிடிக்கத்தானே அந்தச் சட்டம் போட்டேன்? நீங்க அதை வச்சே கட்டடத்துத் தண்ணியெல்லாம் கொட்டியிருக்கீங்களே. ஒரு ஆளுக்கு ரெண்டு பக்கெட் போதும்னு தெரியாதா?"

"ஒரு ஆள்னு நீ எங்கிட்டச் சொல்லவே இல்லையே" என்றார்.

விளையாட்டாகத்தான் சொல்ல ஆரம்பித்தார். சொல்லி முடிக்கும்போது அது விளையாட்டாக இல்லை. அவள் சிரிப்பும் நின்றுவிட்டது.

"ஆறு மாசம்னு சொன்னே. நானும் ஆறு மாசம்னுதான் இருந்தேன். இப்ப வர்றே, அப்ப வர்றேன்னு கூடையை உனக்கும் சேர்த்துத்தான் வச்சிருந்தேன். இந்த வீட்ல எனக்குப் பேச ஆளில்ல. அந்த மெஷின் சுத்தும்போது மட்டும்தான் வீடு மாதிரி இருக்கு. போகாம இருந்துடேன்."

எந்தக் குரலில் கேட்பதென்று அத்தனை நாள் யோசித்ததெல்லாம் வீண். அழுகிற குரலில்தான் வந்தது.

அவள் வெகு நேரம் நைட்டியைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, தான் எதற்காக வந்தாளோ அதைச் சொன்னாள். மகள் மறுபடியும் உண்டாகியிருக்கிறாள். இந்தத் தடவை உடம்பு ரொம்பப் படுத்துகிறது. எழுந்து நிற்கவே முடியவில்லை. மிச்சத் துணிகளையும் எடுத்துக்கொண்டு போகத்தான் வந்தாள்.

"நீங்க வந்துடுங்களேன்" என்றாள்.

"அங்க நான் என்ன பண்ணுவேன்? எந்தக் கையைக் காலை நீட்டினாலும் யாருக்காவது இடைஞ்சல்."

"இங்க மட்டும் என்ன பண்றீங்க? சுத்தமான துணியைத் துவைக்கிறீங்க."

அவரிடம் வேறு வழி இல்லை. அவளிடமும் இல்லை. இரண்டு பேரும் அது தெரிந்துதான் உட்கார்ந்திருந்தார்கள். கோபித்துக்கொள்ள முடியாத துக்கத்தை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது?

மிச்ச நாட்களை அவள் வேலையில் போட்டுக்கொண்டாள். நல்ல துணிகளைப் பைக்குள் அடுக்கினாள். நைந்ததையெல்லாம் கிழித்துத் தரை துடைக்க வைத்தாள். குளியலறையில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒரு பக்கெட்டில் சோப்பும் ஒரு பக்கெட்டில் அலசவும் என்று ஒரு ஆளுக்கான துவையலை அவருக்குக் காட்டிக் கொடுத்தாள். சேறு பிடித்த கையை மட்டும் முதல் நாளே ஊறப்போட வேண்டும், பிழிகிறபோது முறுக்கக்கூடாது. அவள் சொன்னபடியே அவர் செய்தார். இரண்டு பேரின் கையும் ஒரே பக்கெட்டுக்குள் இருந்த அந்தக் காலை நேரம் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கடைசியில் அவள் மெஷினின் வயரைப் பிடுங்கிச் சுருட்டி, ஒரு பழைய விரிப்பைப் போட்டு மூடினாள்.

"இனிமே இது வேணாம்ங்க. மூடியே இருக்கட்டும்."

பஸ் ஏற்றிவிட்டு வந்து அலமாரியைத் திறந்தார். அவள் தட்டு காலியாக இருந்தது. மடித்து வைத்த துணிகளின் அடியில் இருந்த பழைய காகிதம்கூடத் தெரிந்தது. குளியலறைக்குப் போய் முகம் கழுவும்போதுதான் கவனித்தார். கூடையின் அடியில், அவள் அந்த நாலு நாளும் வீட்டில் போட்டுக்கொண்டிருந்த பச்சை நைட்டி சுருண்டு கிடந்தது.

மாலையில் போன் வந்தது.

"ஏங்க, அந்தப் பச்சை நைட்டியைக் கூடையிலயே விட்டுட்டேன். பையில இடமில்ல. பக்கெட்ல எல்லாம் போடாதீங்க, சாயம் போகும். மெஷின் நிறைஞ்சதும் போட்டுக்கலாம்."

"சரி" என்றார். போனை வைத்த பிறகுதான் மூடி வைத்த மெஷினைப் பார்த்தார். மூடினவளே அவள்தானே. விரிப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு அவர் பக்கெட்டில் துவைத்தார். இரண்டு பக்கெட், சில நாள் ஒன்றரை. நீல டிரம் காய்ந்து, அடியில் சோப்புப் பொருக்கு வெடித்துக் கிடந்தது. தரையை எப்போதாவது துடைத்தார். படிக்கட்டில் தூசி படிந்தது. பெருக்குகிற அம்மாள், "என்ன சார், இப்பல்லாம் கண்டுக்கறதே இல்ல" என்று உரிமையோடு குறைப்பட்டுக்கொண்டாள். கொடியில் அவர் சட்டைகள் மட்டும் காய்ந்தன. டீச்சரிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். அவள் அதற்கப்புறம் அவரைப் பார்த்தால் வானத்தைப் பார்த்து மழை வருமா என்று மட்டும் கேட்டாள்.

செக்ரெட்டரிதான் வாயெல்லாம் பல்லாக வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சார், உங்க மீட்டர் அப்படியே படுத்துடுச்சு. கட்டடத்துலயே உங்க வீடுதான் குறைச்சல். எப்படி சார் பண்ணீங்க? மத்தவங்களுக்கும் கொஞ்சம் சொல்லிக் கொடுங்களேன்."

"அதுக்கு அவங்கவங்க வீட்ல ஆள் குறையணும்" என்றார் கண்ணாடிக்காரர். செக்ரெட்டரி அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு, படி இறங்குகிற வரை சிரித்துக்கொண்டே போனார்.

மழைக்காலம் வந்தது. மகளுக்கு மாதம் ஏறிக்கொண்டிருந்தது. போன் மட்டும் வழக்கம்போல் மாலையில் வந்தது. பின்னால் குழந்தை எதையோ கேட்டு அடம் பிடித்துக்கொண்டிருந்தது. அதையும் தாண்டி மகள் வீட்டு மெஷின் சுற்றுகிற சத்தம் கேட்டது.

"தண்ணி வந்துச்சா?"

"வந்துச்சு."

"மெஷின் போட்டீங்களா?"

"இன்னும் நிறையல" என்றார் அவர்.

மறுமுனையில் அவள் மெஷின் சத்தத்தை விட்டுத் தள்ளி வந்தாள்.

"அந்த நைட்டி?"

"கூடையிலதான் இருக்கு."

"மோந்து பார்த்தீங்களா?"

கையும் களவுமாகப் பிடிபட்டது போல் அவர் முகம் சூடாயிற்று. இத்தனை வருஷத்தில் அவருடைய மூக்கை யாரும் ஒரு பொருட்டாகக் கேட்டதில்லை.

"பார்த்தேன்."

"இப்பப் பாருங்க."

போனைக் காதில் வைத்தபடியே அவர் குளியலறைக்குப் போனார். கூடையின் அடியிலிருந்து அதை எடுத்தார். காலர் பக்கம் ஒரு முறை, அக்குள் பக்கம் ஒரு முறை. அடுப்பு, சோப்பு, குழந்தைக்குப் போடும் பவுடர், முதுகுவலிக்கு அவள் தேய்த்துக்கொள்ளும் தைலம் எல்லாம் சேர்ந்த அந்த வாசனை போன வாரத்தைவிட இளைத்திருந்தது. ஆனால் இருந்தது.

"என்ன சொல்லுது உங்க மூக்கு?"

அவர் தொண்டையைச் சரிபண்ணிக்கொண்டார்.

"இன்னும் ஒரு வாரம் தாங்கும்" என்றார்.

மறுமுனையில் அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அப்ப இருக்கட்டும்ங்க" என்றாள். "வீணா எதுக்குத் தண்ணி."